டம்ளரில் மிதக்கும் பஞ்சு

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

செடியில் பறித்த பஞ்சைக் கொட்டை நீக்கி, அதில் ஒரு சிட்டிகையை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதக்கும். விரலால் அமுக்கினாலும் மேலே வந்துவிடும். மருந்துக்கடைப் பஞ்சோ பத்து விநாடிக்குள் மூழ்கியாக வேண்டும். அதன் தரச் சோதனையே அதுதான். இத்தனைக்கும் இரண்டும் பருத்திதான்.

வித்தியாசம் மெழுகு. நூறு கிலோ பஞ்சில் ஒரு கிலோவுக்கு முன்பின் இருக்கும், அவ்வளவே. ஆனால் இழையின் மேல்தோலிலேயே உட்கார்ந்திருப்பதால், உள்ளே இழையின் உடம்பான செல்லுலோஸ் தாகத்தோடு காத்திருந்தும் தண்ணீரால் நுழைய முடியாது. எண்ணெய்க்கு அந்தத் தடை கிடையாது. விளக்குத்திரிக்குச் சலவை செய்யாத பஞ்சே போதுமே!

இந்த மெழுகை எடுக்கத்தான் தறியிலிருந்து வந்த, சலவை செய்யாத காடா துணியைக் காஸ்டிக் சோடா என்ற கடும் காரத்தில் கொதிக்க வைக்கிறோம். மெழுகோடு இருக்கும் கொழுப்பு சோப்பாக மாறும், அந்தச் சோப்பு மெழுகையும் இழுத்துக்கொண்டு போகும். உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்தவர்கள் செய்ததும் காரத்தையும் சூட்டையும் வைத்துத்தான்.

நான் ஈரோட்டில் ஒரு சலவைப் பட்டறையில் இருந்தபோது, அவசர ஆர்டர் ஒன்று வந்தது. கொதிக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். வெளுப்பதற்கான பெராக்சைடு போட்டதும் துணி பால் மாதிரி வெளுத்துவிட்டது, எல்லாருக்கும் சந்தோஷம். சாயம் போட்டார்கள், திட்டுத் திட்டாக ஏறியது. சாயக்காரரைப் பிடித்து ஒரே சத்தம். நான் சாயமேறாத துண்டு ஒன்றை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சொட்டு முத்து மாதிரி அப்படியே நின்றது. பாவம், சாயக்காரர்! வெளுப்பு வேறு, உறிஞ்சல் வேறு. திரும்பவும் சொல்கிறேன், வெளுப்பு வேறு, உறிஞ்சல் வேறு.

வீட்டுக் கதைக்கு வருவோம். புதுத் துண்டு ஈரத்தைத் துடைக்காமல் உடம்பில் தள்ளிக்கொண்டே போகிறதே, ஏன்? தொட்டால் மெத்தென்று இருக்கப் பூசிய மென்மையூட்டிதான் பெரும்பாலும் காரணம். பட்டறையில் பாடுபட்டு எடுத்த வழுவழுப்பை வேறு பெயரில் திரும்பப் பூசுகிறோம். நாலு அலசலில் சரியாகும். அப்புறம் நீங்களே வீட்டில் அதையே ஊற்றாதீர்கள், துண்டுக்கு மட்டுமாவது வேண்டாம்.

பருத்தியை அடர்த்தியான காரத்தில் பதப்படுத்தும் மெர்சரைசிங் பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன், நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: 1844இல் இங்கிலாந்தில் ஜான் மெர்சர் அடர்த்தியான காஸ்டிக் சோடாவைப் பருத்தித் துணியில் வடிகட்டினார். துணி சுருங்கித் தடித்தது. முறுக்கிய நாடா போன்ற இழை உப்பி உருளையாகிவிடுகிறது, சாயமும் ஈரமும் கூடுதலாக ஏறும். இழுத்துப் பிடித்துச் செய்தால் பளபளப்பும் வரும். அது ஏன் என்பதை இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.