மயான காண்டத்துக்குப் பாய் விரித்துவிட்டோம்

நடுவர் ஐயாவுக்கும், என்னை இன்னும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணித் தம்பிமாருக்கும், கச்சான் கொறித்தபடி யார் பக்கம் கைதட்டலாம் என்று யோசிக்கிற சபைக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பழைய இசைநாடகம் ஒன்று மீண்டும் மேடையேறும்போது ரசிகர்கள் காத்திருப்பது அதன் பழமைக்காகவா, அதில் செய்யப்போகும் புதுமைக்காகவா? வருகிற திருவிழாவில் அரிச்சந்திர மயான காண்டம் என்று நோட்டீஸ் ஒட்டிய நாளில் இருந்து திருகோணமலையில் வேறு கதை இல்லை. நான் பழமையின் பக்கம்.

போன வாரம் மீன் வாங்கப் போனேன். தராசைக் கையில் பிடித்தபடியே மீன்காரர் கேட்டார்: “ரீச்சர், இந்த முறை ஆர்மோனியம் ஆர்?” கதை என்ன என்று அவர் கேட்கவில்லை. முடிவு என்ன என்றும் கேட்கவில்லை. அரிச்சந்திரன் நாட்டை இழப்பதும், மனைவியையும் பிள்ளையையும் விற்பதும், சுடலை காப்பதும் அவருக்கு மனப்பாடம். அவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம், தெரிந்த அந்தப் பாட்டைத் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறாரா என்பது மட்டும்தான். எதிரணித் தம்பி பத்து நிமிடம் பேசினார். இந்த ஒரு கேள்விக்கு முன்னால் அந்தப் பத்து நிமிடமும் நிற்காது.

சின்ன வயதில் அம்மம்மாவோடு இந்த நாடகம் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அப்போது கொட்டகைக்கூத்து என்றுதான் சொல்வார்கள். பாம்பு கடித்து இறந்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடலைக்கு வருகிறாள். காவல்காரன் கால்பணமும் முழத்துண்டும் கேட்கிறான். கையில் ஒன்றும் இல்லை என்று அழுகிறாள். “கழுத்தில் தாலி கிடக்கிறதே, அதை விற்றுக் கொண்டு வா” என்கிறான் அவன். அந்த இடத்தில் ஆர்மோனியம் நின்றுவிடும். சந்திரமதியின் தாலி புருஷன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு விளங்கிவிட்டது. அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த இடம் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அம்மம்மா என் கையைப் பிடித்துவிட்டார். “இப்ப பார், இப்ப பார்” என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனை முறை பார்த்த மனுஷி! கண்ணீர் விழுந்தது மட்டும் அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறவர் மாதிரி. நடுவர் அவர்களே, காத்திருப்பது என்றால் அதுதான். வரப்போவது தெரிந்தால்தான் அதற்குக் காத்திருக்க முடியும். தெரியாததைப் பார்க்கப் போகிறவனுக்கு ஆவல் இருக்கும், ஆனால் அவன் கை பக்கத்தில் இருப்பவரின் கையைத் தேடாது.

எதிரணியினர் ஒரு யோசனை சொன்னார்கள். ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் செலவாம். இசையை முன்கூட்டியே பதிவு செய்து பென் டிரைவில் போட்டுக்கொண்டு வரலாமாம். அதையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எந்தக் குழு, எந்த ஊர் என்பது வேண்டாம். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் சந்திரமதிக்கு உண்மையாகவே தொண்டை அடைத்துவிட்டது. ஒரு மூச்சு விட்டுத் தொடரலாம் என்று நின்றாள். பென் டிரைவ் நிற்குமா? அது தன்பாட்டில் சரணத்துக்குப் போய்விட்டது. சந்திரமதியாக நடித்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரிப் பாட்டைத் துரத்தினாள். சபை சிரித்தது. மயான காண்டத்தில் சபை சிரித்தது ஐயா!

ஆர்மோனியக்காரர் இருந்திருந்தால் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு ஒரே சுரத்தில் காத்து நின்றிருப்பார். சபை “ஒன்ஸ்மோர்” கேட்டால் திரும்பவும் எடுத்துக் கொடுப்பார். யாழ்ப்பாணத்து இசைநாடகக் கலைஞர் நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்ற காலத்தில், ஒரே ஆளை ஒரே வேஷத்தில் பார்க்க ஜனம் திரும்பத் திரும்பப் போனது சும்மாவா? நேற்றைய பாட்டு அவர் வாயில் இன்றைக்கு எப்படி வளையும் என்று பார்க்கத்தான். தமிழ்நாட்டு நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த இந்த நாடகங்களில் பாட்டு எழுதி முடிந்தது. பாடி முடியவில்லை.

சரி, எதிரணித் தலைவர் பெரிய ஆயுதம் ஒன்றை எடுத்தாரே, அதற்கு வருகிறேன். பேராசிரியர் வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றவில்லையா என்று கேட்டார். ஏற்றினார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே உடம்பு நிமிரும். ஆனால் தம்பி, அவர் எதைச் சுருக்கினார்? நேரத்தை. மத்தளத்தையா எடுத்துவிட்டார்? வடமோடி என்கிற கூத்து வகையின் தாளக்கட்டை மாற்றிக் கீபோர்ட் வைத்தாரா? கூத்துப் பழக்குகிற மட்டக்களப்பு அண்ணாவிமாரைக் கூப்பிட்டு, பல்கலைக்கழக மாணவர்களை அவர்களின் கையில் ஒப்படைத்தார். இராவணனாக ஆடிய மௌனகுரு பிற்காலத்தில் தானே பேராசிரியராகி அதே இராவணேசனை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தார். அப்போதும் மத்தளம் மத்தளமாகத்தான் இருந்தது. இன்னொன்று, இராவணேசன் புதிதாக எழுதப்பட்ட பிரதி. புதுச் செய்தி சொல்ல வேண்டுமா, புதுக்கூத்து எழுது. சந்திரமதியின் வாயில் உன்னுடைய கட்டுரையைத் திணிக்காதே.

இது நம்முடைய பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் என் மருமகள் இருக்கிறாள். அங்கே ‘ஃபாண்டம் ஆஃப் த ஒபெரா’ என்கிற இசைநாடகம் 1986இல் இருந்து ஓடுகிறது. நடுவில் மேலே தொங்கும் சரவிளக்கு விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அண்ணாந்து பார்த்தபடி இருக்கிறார்கள். கொரோனாவுக்காக மூடி 2021இல் மறுபடி திறந்தபோது, 27 பேராக இருந்த இசைக்குழுவை 14 ஆக்கிவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். விளக்கும் திரையும் வேஷமும் இருந்தும் கொதித்தார்கள். மருமகள் போனில் சொன்னபோது எனக்கு அந்த மீன்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அப்புறம் அமெரிக்காவில் ‘ஓக்லஹோமா’. 1943இல் வந்த இசைநாடகம். 2019இல் புது இயக்குநர் அதை இருட்டாக்கினார், பயமுறுத்தினார், இசைக்குழுவை ஏழு பேராகவும் ஆக்கினார். ஆனால் அந்த ஏழு பேரும் உயிருள்ள ஆட்கள். வசனத்திலும் பாட்டிலும் கைவைக்காமல்தான் அதைச் செய்தார். அந்த வருடம் இசைநாடக மறுமேடையேற்றத்துக்கான டோனி விருது, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருது, அதற்குத்தான்.

நடுவர் ஐயா சிரிக்கிறார். “அப்படியென்றால் ஒரு எழுத்தும் மாறக்கூடாதா?” என்று கேட்கப் போகிறார். கேட்க முதலே சொல்லிவிடுகிறேன். சுடலைக் காட்சியில் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசுகிற வரிகள் சில இடங்களில் வழக்கத்தில் இருந்தன. அவற்றை நானே கத்தரிக்கோல் கொண்டு வந்து வெட்டுவேன். முன்வரிசையில் இருக்கிற ஒரு பிள்ளை தலைகுனிய வேண்டிய வரி எனக்கு வேண்டாம். விடிய விடிய வேண்டும் என்றும் கேட்கவில்லை, காலையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். எனக்குப் பாட்டு வேண்டும், காட்சிகளின் பழைய வரிசை வேண்டும், ஆர்மோனியம் நிற்கிற அந்த ஒரு மூச்சு வேண்டும். எதிரணித் தம்பி இதைப் பார்த்து “எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார்” என்று துள்ளுகிறார். துள்ளட்டும். வெட்டுவது வேறு, ஒட்டுவது வேறு.

இளசுகள் பொறுமையாக இருக்க மாட்டார்கள் என்றும் ஒரு குற்றச்சாட்டு. என் பேத்திக்குப் பதினொரு வயது. தாலிக் கதையை இந்த ஒரு மாதத்தில் நாலு தரம் சொல்லிவிட்டேன். நேற்று அவளே கேட்கிறாள்: “அம்மம்மா, அந்த இடம் வர முதல் எனக்குச் சொல்லுவீங்களா, நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால்?”

மணி அடித்துவிட்டார்கள். சரி, முடிக்கிறேன். நாடகத்தன்று வேம்படிக்குப் பக்கத்தில் இரண்டு பாய் கிடக்கும், ஒன்று எங்களுடையது. மற்றது எதிரணித் தலைவரின் அம்மாவுடையது. இடம் பிடித்து வைக்கச் சொல்லி நேற்றே ஆள் அனுப்பிவிட்டார்.