மூன்று முட்டையில் மெராங்கும் மாம்பழக் கஸ்டர்டும்

வணக்கம் மக்களே. கேமராவை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியில் மே மாதம் என்றால் வீட்டில் திரும்பின பக்கமெல்லாம் மாம்பழம்தான். கட்டிலுக்கு அடியில்கூட வைக்கோல் போட்டு அடுக்கியிருக்கிறது. ஜூஸ் போட்டு எல்லோருக்கும் சலித்துவிட்டது. அதனால் இன்றைக்கு மூன்றே முட்டையில் இரண்டு வேலை. வெள்ளைக்கருவில் மெராங், மஞ்சள் கருவில் ஜில்லென்று மாம்பழக் கஸ்டர்டு.

மெராங் என்றதும் பயப்படாதீர்கள். தூத்துக்குடி மக்ரூன் சாப்பிட்டிருக்கிறீர்களா? அதிலிருந்து முந்திரியை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட இதுதான். வெள்ளைக்கருவும் சர்க்கரையும், அவ்வளவே.

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் உடைத்துப் பிரித்துவிடுங்கள். குளிர்ந்திருந்தால் மஞ்சள் கரு உடையாமல் வரும். பிரித்த வெள்ளைக்கருவை அரை மணி நேரம் வெளியே வைத்தால் நன்றாகப் பொங்கும். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேருங்கள். ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தாலும் அதிலிருக்கும் கொழுப்பு நுரையை எழும்ப விடாது. நான் முதல் தடவை பிளாஸ்டிக் பாத்திரத்தில் அடித்தேன். என்றைக்கோ குழம்பு வைத்த பாத்திரம், கழுவியும் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. இருபது நிமிடம் அடித்தும் பால் மாதிரி தண்ணீராகவே நின்றது. அன்றிலிருந்து எவர்சில்வர்தான், அதையும் எலுமிச்சம்பழ மூடியால் ஒரு முறை தேய்த்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளைக்கருவுக்கு 50 கிராம் சர்க்கரை, மூன்றுக்கு 150. மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு பீட்டரை ஓடவிட்டு, வெள்ளை நுரை வந்தபிறகு சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகப் போடுங்கள். ஆரம்பத்திலேயே கொட்டினால் நுரை எழும்ப ரொம்ப நேரம் பிடிக்கும். கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். நறநற என்றால் இன்னும் அடிக்க வேண்டும். கரையாத சர்க்கரைதான் பிறகு பாகு மாதிரிக் கசிந்து ஒழுகும். இதோ பாருங்கள், பாத்திரத்தைக் கவிழ்க்கிறேன். விழவில்லை! எங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "சோப்பு நுரையை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ற?" என்கிறார்.

பட்டர் பேப்பரில் எலுமிச்சை அளவுக்கு ஸ்பூனால் வைத்து, ஓவனில் 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். வேகவைப்பது என்பதைவிட வடகம் மாதிரி காயவைப்பது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சூடு கூடினால் பழுப்பேறி வெடித்துவிடும். பேப்பரிலிருந்து தானாகக் கழன்று வந்தால் ஆயிற்று. ஓவனை அணைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள். போன வாரம் கடைசிப் பத்து நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது, கதவைத் திறக்காமல் விட்டேன், ஒன்றும் கெடவில்லை. ஆனால் கோடைமழை பெய்கிற சாயங்காலத்தில் மட்டும் செய்யாதீர்கள். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும்.

சரி, கஸ்டர்டு. மூன்று மஞ்சள் கரு, மூன்று ஸ்பூன் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் சேர்த்துக் கலக்கி, சூடான பால் 400 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மொத்தமாக ஊற்றினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். சின்னத் தீயில் கைவிடாமல் கிண்டி, கெட்டியாகி ஒன்றிரண்டு குமிழ் வந்ததும் இறக்கிவிடுங்கள். நன்றாக ஆறியபிறகுதான் மாம்பழ விழுது. சூட்டில் சேர்த்தால் பழத்தின் புளிப்பில் பால் திரிந்துவிடும்.

பழம் எது? பெங்களூரா வேண்டாம். கூழ் ஃபேக்டரிக்கு அது ராஜா, இந்தக் கிண்ணத்துக்கு வாசனை போதாது. செந்தூரா இரண்டு போதும், அல்போன்சா கிடைத்தால் இன்னும் நல்லது. மல்கோவாவை இதில் போடமாட்டேன், அதை வெட்டி அப்படியே சாப்பிடுவதுதான் அதற்கு மரியாதை.

நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிட உட்காரும்போது மெராங்கை உடைத்து மேலே போடுங்கள். முன்னாலேயே போட்டால் கரைந்துவிடும். இங்கிலாந்தில் ஸ்ட்ராபெரி, க்ரீமோடு இப்படி உடைத்துக் கலந்ததை ஈட்டன் மெஸ் என்கிறார்கள். நம் ஊரில் ஸ்ட்ராபெரி இடத்தில் செந்தூரா. மெராங் முழுக்கச் சர்க்கரை, அதனால் பழத்தில் லேசாகப் புளிப்பு இருந்தால்தான் நாக்குக்குத் திகட்டாது.

மீந்த மெராங்கை இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில் போட்டு வெளியே வையுங்கள், ஃபிரிட்ஜில் வைத்தால் நமத்துவிடும். நான் சற்று முன்னால் பதினெட்டு எண்ணிப் போட்டேன். இப்போது பதினான்குதான் இருக்கிறது. அத்தை...?