களனி கங்கைக்கு மூச்சு வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். இராச்சாப்பாட்டு நேரத்தில் கழிவுநீரா என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். நாற்றத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. பேசப்போவது காற்றைப் பற்றி.

கொழும்பில் நம் வீட்டுக் குழாய்களில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையில், அம்பத்தலையில் எடுக்கப்படுவது. அதற்கு மேலேயும் ஊர்கள் இருக்கின்றன, தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆகவே அந்த ஆற்றில் யார் எதை விடுகிறார்கள் என்பது நாம் குடிக்கும் தேநீர் வரைக்கும் வருகிற விஷயம்.

வீட்டுக் கழிவுநீர் கலந்த ஆற்றில் மீன் ஏன் சாகிறது? நஞ்சு என்பார்கள் பலர். பெரும்பாலும் மூச்சுமுட்டித்தான் சாகிறது. கழிவைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. தின்னத் தின்ன நீரில் கரைந்த ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லீற்றர் ஆற்றுநீரில் கரைந்து நிற்பது ஏழெட்டு மில்லிகிராம் ஒட்சிசன்தான். சுத்திகரிக்காத கழிவுநீர் லீற்றருக்கு 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் கேட்கும். ஒரு வாளிக் கழிவு, இருபத்தைந்து வாளி ஆற்றுநீரின் ஒட்சிசனைத் தீர்த்துவிடும். குளிர்ந்த நீரில் ஒட்சிசன் கூடுதலாகக் கரையும் என்பதால் ஐரோப்பிய ஆறுகளுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. களனிக்கு அது கிடையாது.

சுத்திகரிப்பு நிலையம் என்பது, ஆற்றில் நடக்கவிருந்த அந்த விருந்தைத் தொட்டிக்குள்ளேயே நடத்தி முடிக்கும் இடம். இதை மனிதர்கள் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. கேட்பவர்கள் அலுத்தாலும் சொல்லாமல் விடுவதில்லை.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லொக்கெட் என்று இரண்டு இரசாயனவியலாளர்கள். போத்தலில் கழிவுநீரை எடுத்துக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். நீர் முழுதாகத் தெளிய ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. ஐந்து வாரம் ஊதித்தான் ஒரு நகரத்தின் கழிவைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் எத்தனை தொட்டி கட்டுவது! அவர்கள் செய்தது இதுதான்: தெளிந்த நீரை மட்டும் வடித்தார்கள், அடியில் படிந்த சேற்றை எறியவில்லை. அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றி மறுபடி ஊதினார்கள். மறுபடி வடித்தார்கள், மறுபடி சேற்றை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் நாள்கள் குறைந்தன. கடைசியில் வாரங்கள் மணித்தியாலங்களாயின. வீட்டில் முதல்நாள் தயிரில் ஒரு கரண்டியை உறைக்கு எடுத்துவைக்கிறோமே, அதே வேலைதான். சேறென்று நினைத்தது உயிர்க்கூட்டம். 1914இல் வெளியிட்டார்கள். உலகின் பெருநகரங்கள் பலவற்றில் இன்றும் ஓடுவது அந்த முறை.

அந்த உயிர்க்கூட்டத்துக்கு இரவுபகலாகக் காற்று வேண்டும். இப்படிப்பட்ட நிலையங்களில் மின்செலவின் பெரும்பங்கு ஊதும் இயந்திரங்களுக்கே போகிறது. 2022இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டபோது எனக்கு முதலில் வந்த கவலை, மின்விசிறியைப் பற்றியது அல்ல. காற்று நின்றால் தொட்டியில் இருப்பவையும் மூச்சுமுட்டும். அவை போனால் மறுபடி வளர்த்தெடுக்க வேண்டும், அதுவரை ஆறு காத்திருக்காது. நிலையத்துக்கு ஜெனரேட்டர் வாங்கும்போது அலுவலகக் குளிரூட்டிக்கு முன்னால் இந்த இயந்திரத்தை இணையுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். காற்று, காற்று, காற்று.

உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரின் ஒட்சிசன் தேவை, ஐந்து நாள் சோதனையில் லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள பொது நியமம். இருநூறிலிருந்து முப்பதுக்குக் கொண்டுவருவது அந்தச் சேறுதான்.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். கொழும்பைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்குகிறேன். மாநகரின் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் பிரித்தானியர் காலத்தில் தொடங்கியவை. முகத்துவாரப் பக்கத்திலும் வெள்ளவத்தையிலும் அவை நெடுங்காலமாகக் கடலையே நம்பியிருந்தன. இரத்மலானை, மொறட்டுவைப் பகுதிக்கும் ஜா-எல, ஏக்கலப் பகுதிக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. ஆனால் புறநகரில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழிதான். குழி நிரம்பிப் பவுசரை அழைப்பவர்கள், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று சாரதியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பொரித்த எண்ணெயைச் சமையலறைக் கழுவுதொட்டியில் ஊற்றுவது பற்றி இன்னொரு நாள், அழைத்தால் பேசுகிறேன். வணக்கம்.