முன்னாள் வீரர் மறைந்தால் போட்டியை நிறுத்த வேண்டுமா? பாலக்கோட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த சந்தேகங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆஃப்சைடு பற்றியும் பெனால்டி பற்றியும் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தம்பிக்குப் பொங்கலுக்குள் பதில் வேண்டும்.

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து எழுதியிருக்கிறார். அவர்கள் அணியில் பல ஆண்டுகள் 8ஆம் எண் சட்டையோடு நடுக்களத்தில் ஆடியவர், ஆடுவதை நிறுத்திய பிறகும் சாயங்காலமானால் பள்ளி மைதானத்துக்கு வந்து சிறுவர்களுக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தவர், சென்ற மாதம் மாரடைப்பால் இறந்துவிட்டாராம். வயது 46. ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நடக்கும் எழுவர் கால்பந்துப் போட்டியை இந்த முறை நிறுத்திவிட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நடத்துவதுதான் அண்ணனுக்கு மரியாதை என்று உடன் ஆடியவர்கள் சொல்கிறார்கள். நடத்தினால் மௌன அஞ்சலியா, கைத்தட்டலா என்றும், அந்த 8ஆம் எண்ணை இனி யாருக்கும் தராமல் விட்டுவிடலாமா என்றும் கேட்கிறார். கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிராத பையன்களும் அன்றைக்கு அழுதார்கள். அது நடிப்பு என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை, அண்ணா."

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். 2020 நவம்பர் 25 அன்று கால்பந்து வீரர் மரடோனா இறந்தபோது அர்ஜென்டினாவில் மூன்று நாள் தேசிய துக்கம் அறிவித்தார்கள். அது அவருடைய நாடு, அதில் வியப்பில்லை. ஆனால் நமக்குப் பக்கத்திலிருக்கும் கேரளத்திலும் விளையாட்டுத் துறை இரண்டு நாள் துக்கம் அறிவித்தது. 2012இல் அவர் ஒருமுறை கண்ணூருக்கு வந்து போனார் என்பதைத் தவிர, அங்கே அழுதவர்களுக்கும் அவருக்கும் என்ன உறவு? அவர் தலைமையில் அர்ஜென்டினா வென்ற 1986 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நம் நேரப்படி இரவு பதினொன்றரை மணிக்குத் தொடங்கியது. தெருவில் யார் வீட்டில் தொலைக்காட்சி இருந்ததோ அந்த வீட்டுத் திண்ணையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தூக்கக் கண்ணோடு அதைப் பார்த்த தலைமுறை ஒன்று நம் ஊர்களிலும் உண்டு. ஒருவர் ஆடுவதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவனுக்கு, அவர் பந்தை வாங்கும்போது எந்தத் தோள் முதலில் திரும்பும், கோலைத் தவறவிட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வார் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிடும். சொந்தச் சித்தப்பாவைப் பற்றிக்கூட அவ்வளவு தெரிந்திருக்காது. பேசியதில்லை என்பதால் பழகவில்லை என்று சொல்லிவிட முடியாது, தம்பி. அந்தப் பையன்கள் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பழகியிருக்கிறார்கள். கேலி செய்தவர்களை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, போட்டியை நடத்தலாமா என்பது. பெரியவர்களின் பேச்சைப் பழமை என்று தள்ளிவிடாதீர்கள். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஆண்டு பண்டிகை கொண்டாடாத வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் அந்த மனிதரைப் பங்காளியாக நினைத்துத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். உடன் ஆடியவர்களோ அவரை ஆட்டக்காரராக நினைத்து நடத்தச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் பாசம்தான் பேசுகிறது.

உலகத்தில் இதற்கு ஒரே விடை இருந்ததில்லை. லிவர்பூல் வீரர் தியோகோ ஜோட்டா 2025 ஜூலை 3 அன்று ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் தம்பியோடு சேர்ந்து இறந்தார், வயது 28. அவருடைய நெருங்கிய நண்பரும் போர்த்துக்கல் அணியில் உடன் ஆடியவருமான ரூபன் நெவெஸ், மறுநாள் அமெரிக்காவில் தன் கிளப்புக்காகக் காலிறுதி ஆட வேண்டியிருந்தது. ஆட்டத்துக்கு முன் மௌனம் அனுசரித்தபோது அழுதார், பிறகு ஆடினார், அணி தோற்றது. அங்கிருந்து கடல் கடந்து, இறுதிச் சடங்கு நடந்த போர்த்துக்கல் ஊரான கொந்தோமார் போய்ச் சேர்ந்து அடுத்த நாள் காலையில் நண்பனின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார். ஆடியதால் அவருக்குத் துக்கம் குறைவு என்று எவனாவது சொல்ல முடியுமா? அதே நேரம், என்னால் கால் எடுத்து வைக்க முடியாது என்று ஒரு வீரர் உட்கார்ந்துவிட்டால் அதுவும் நியாயம்தான். உங்கள் அணியில் அப்படி ஒருவர் இருந்தால் வற்புறுத்தி இறக்காதீர்கள். ரசிகனின் துக்கத்துக்குக் கூட்டம் துணையாக இருக்கிறது. கூட ஆடியவனின் துக்கம் பெரும்பாலும் தனியாக, அந்த ஆள் நின்ற இடத்துக்குத் தன்னையறியாமல் பந்தைத் தட்டிவிட்டு, அங்கே யாரும் இல்லாததைப் பார்க்கும்போது வருகிறது.

அதனால் என் கருத்து இதுதான்: பெரியவர்களும் வேண்டாம், நீங்களும் வேண்டாம், அவருடைய வீட்டாரைக் கேளுங்கள். கருமாதி முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூத்தவர் ஒருவரும் உடன் ஆடியவர் ஒருவருமாக இரண்டே பேர் போய், அந்த அம்மாவிடம் கேளுங்கள். பத்துப் பேர் கிளம்பிப் போனால் அவர் மறுக்க முடியாமல் தலையாட்டிவிடுவார். நடத்துங்கள் என்று மனதாரச் சொன்னால் நடத்துங்கள், ஆனால் மைக் செட்டில் சினிமாப் பாட்டு வேண்டாம். தயங்கினால் பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். தள்ளி வைப்பதால் எந்தக் கோப்பையும் துருப்பிடித்துவிடாது.

மௌனமா, கைத்தட்டலா என்பதற்கு வருவோம். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1919 நவம்பர் 11 அன்று பிரிட்டனில் இரண்டு நிமிட மௌனம் அனுசரித்தார்கள். மைதானங்களில் நாம் காணும் மௌன அஞ்சலி அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. 2005 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய நட்சத்திரம் ஜார்ஜ் பெஸ்ட் இறந்தபோது இங்கிலாந்து மைதானங்களில் மௌனத்துக்குப் பதிலாகக் கைத்தட்டல் எழுந்தது. ஆட்டத்தால் அத்தனை மகிழ்ச்சி கொடுத்தவரை வாயை மூடிக்கொண்டா அனுப்புவது என்று கூட்டத்துக்குத் தோன்றியிருக்கிறது. அதன் பிறகு அங்கே அது பரவலான வழக்கமாகிவிட்டது. கைத்தட்டினால் அவமரியாதை ஆகுமோ என்று தம்பி பயப்படுகிறார். நம் ஊரைவிட இதை யார் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும்? பேரன் பேத்தி எடுத்த கிழவர் போனால் கல்யாணச் சாவு என்கிறோம், தப்பட்டையும் பம்பையும் முழங்க ஆடிக்கொண்டு போகிறோம். இளவயதுச் சாவென்றால் அதே தெரு அடங்கிவிடுகிறது. 82 வயதில் பெலே போனதும் 28 வயதில் ஜோட்டா போனதும் ஒன்றல்ல. உங்கள் அண்ணனுக்கு 46. அது கல்யாணச் சாவு இல்லை. தொடக்கத்தில் மௌனம் இருக்கட்டும். அந்தக் கைத்தட்டலை ஆட்டத்துக்குள்ளே வையுங்கள்.

ஆட்டத்துக்குள் என்றால் எப்படி என்று சொல்கிறேன். நெதர்லாந்தின் பழைய நட்சத்திரம் யோகான் கிராய்ஃப் 2016 மார்ச் 24 அன்று இறந்தார். மறுநாளே ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் ஆட்டம். அவர் அணிந்த எண் 14 என்பதால், 14ஆவது நிமிடத்தில் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, இரண்டு அணியினரும் கூட்டத்தோடு சேர்ந்து ஒரு நிமிடம் கைதட்டினார்கள். நீங்கள் 8ஆவது நிமிடத்தில் அதைச் செய்யலாம். எதிரணிக்கும் நடுவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நிறுத்தினால், கோல் போடும் நேரத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று அங்கேயே சண்டை மூளும், நம் போட்டிகளை நான் அறிவேன். மரடோனா இறந்த நான்காம் நாள் மெஸ்ஸி ஒரு கோல் அடித்துவிட்டு பார்சிலோனா சட்டையைக் கழற்றினார். உள்ளே நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ் கிளப்பின் 10ஆம் எண் சட்டை இருந்தது. மெஸ்ஸி சிறுவனாக ஆடிய கிளப் அது, 1993இல் மரடோனா சில காலம் ஆடிய கிளப்பும் அதுவே. வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். சட்டையைக் கழற்றியதற்காக நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார், பிறகு அபராதமும் வந்தது. விதி விதிதான்.

இந்த இடத்தில் நம் மண்ணிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தகடூர் என்று பழைய பெயர் கொண்ட இதே தருமபுரியை ஆண்ட அதியமான் போரில் இறந்தபோது ஔவையார் பாடியவை புறநானூற்றில் இருக்கின்றன. கையறுநிலை என்று அதற்குப் பெயர். ஒரு பாட்டில் ஔவை அவனுடைய வெற்றிகளை அடுக்கவில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான், கறி இருக்கும் இடத்தில் எங்களை விடுவான், அம்பும் வேலும் பாயும் இடத்தில் தான் நிற்பான், மணக்கும் தன் கையால் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்று சொல்லிக்கொண்டே போகிறார். இது ஓர் அணித்தோழரின் பேச்சு மாதிரி எனக்குப் படுகிறது. பந்து கிடைக்கும் இடத்தில் நம்மை விட்டுவிட்டு, அடி விழும் இடத்தில் தான் போய் நின்ற நடுக்களக்காரரைப் பற்றி உடன் ஆடியவர் இப்படித்தான் பேசுவார். அதனால் போட்டியன்று மேடையில் கட்சிக்காரர்களையும் ஊராட்சிக்காரர்களையும் வரிசையாகப் பேச விடாதீர்கள். உடன் ஆடியவர் ஒருவர் ஐந்து நிமிடம், இப்படிச் சின்னச் சின்ன விஷயமாகப் பேசட்டும். பேச முடியாமல் இறங்கிவிட்டால் அதுவும் போதும்.

இன்னொரு பாட்டில் அதியமானின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். ஓங்கிய மலையுள்ள நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இதைப் போய் ஏற்றுக்கொள்வானா என்று ஔவை கேட்கிறார். தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி ஞாபகம் வரும். அஞ்சலி என்று எதைச் செய்யப் போனாலும், இதை அவர் ஏற்றுக்கொண்டிருப்பாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதலில் அடிபட்டுப் போவது அந்தக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். இறந்தவர் முகம் நடுவில் சின்னதாக, இரங்கல் தெரிவிப்பவர்கள் முகம் சுற்றிலும் பெரிதாக, கூலிங் கிளாஸோடு. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இனி அந்த 8ஆம் எண். எண்ணுக்கு ஓய்வு கொடுப்பது பெரிய கிளப்புகளில் உண்டு. மரடோனா ஆடிய இத்தாலியின் நாப்போலி கிளப் அவருடைய 10ஐ 2000இலேயே நிறுத்திவிட்டது. நமக்கு அருகில் நடந்ததையும் சொல்கிறேன்: 2004 டிசம்பர் 5 அன்று, ஓசூரைத் தாண்டினால் வந்துவிடும் பெங்களூரில், ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோவாவின் டெம்போ அணிக்காக இரண்டாவது கோலை அடித்த வேகத்தில் மோதி விழுந்த பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் இறந்துபோனார். டெம்போ அவருடைய 10ஆம் எண்ணை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தியது. ஆனால் எல்லா இடத்திலும் இது முடிவதில்லை. மரடோனாவுக்காகத் தேசிய அணியிலும் 10ஐ நிறுத்த அர்ஜென்டினா விரும்பியது. 1 முதல் 23 வரை எண்கள் வரிசையாக இருக்க வேண்டும் என்று ஃபிஃபா ஒப்புக்கொள்ளவில்லை. 2002 உலகக் கோப்பையில் ஒர்தேகா அதை அணிந்து ஆடினார்.

ஜோட்டாவின் விஷயத்தில் இரண்டு வழியும் நடந்தது. லிவர்பூல் அவருடைய 20ஐ எல்லா நிலை அணிகளிலும் நிறுத்திவிட்டது. போர்த்துக்கல் அணியிலோ அவருடைய 21ஐ ரூபன் நெவெஸ் வாங்கி அணிந்துகொண்டார், சவப்பெட்டியைச் சுமந்த அதே நண்பர். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கிறது, உங்களுக்கும் அதுதான் பொருந்தும். உங்கள் அணியில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு சட்டை இருக்குமா? அதில் ஒன்றைப் பெட்டியில் பூட்டினால், இன்னும் ஐந்து வருடத்தில் வரும் பையன்களுக்கு அது ஏன் இல்லை என்றே தெரியாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரிடம் பந்து பழகிய பையன்களில் ஒருவன் அந்த 8ஐ அணியட்டும். யார் அணிவது என்பதை உடன் ஆடியவர்கள் முடிவு செய்யட்டும். நன்றாக ஆடுபவனுக்குத்தான் தர வேண்டும் என்பதில்லை. நாள் தவறாமல் மைதானத்துக்கு வருபவனுக்குக் கொடுங்கள்.

தம்பி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 46 வயதில் போனவருக்குப் படிக்கும் வயதில் பிள்ளைகள் இருக்கலாம். நுழைவுக் கட்டணத்தில் மிஞ்சுவதை அந்த வீட்டுக்குக் கொடுக்க நினைத்தால், தொகையை மைக்கில் அறிவிக்காதீர்கள், பெரிய அட்டையில் காசோலை எழுதிப் புகைப்படம் எடுக்காதீர்கள். முன்பு போன அதே இரண்டு பேர் மறுபடி போய்க் கொடுத்துவிட்டு, கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு வாருங்கள்.

போகும்போது ஒரு சட்டையும் கொண்டுபோகலாம் என்றால், பேர் அச்சடித்துப் புதிதாகத் தைத்ததை எடுத்துப் போகாதீர்கள். துவைத்துத் துவைத்து 8இல் பாதி உரிந்துபோன பழைய சட்டை யாரிடமாவது கிடக்கும். தேடிப் பாருங்கள்.