வட்டார நடவடிக்கைகளைச் சொல்லத் தனிச் செயலி தேவையா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்திலிருந்து. "அண்ணே, நாங்கள் ஐந்து தொண்டூழியர்கள். வட்டாரத்தில் என்ன நடக்கிறது என்பதே இங்குள்ள தமிழ் இளையர்களுக்குத் தெரிவதில்லை. அதற்கு ஒரு செயலி செய்யலாம் என்று இருக்கிறோம். எப்படித் தொடங்குவது? தமிழில் போடுவதா, ஆங்கிலத்திலா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, செயலியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் வைத்திருப்பதற்கு மட்டும் ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைக்கூட ஐந்து பேர் சேர்ந்து போட்டுவிடலாம். ஆனால் 17 வயதுப் பிள்ளையிடம் இன்னொரு செயலியைப் பதிவிறக்கச் சொல்லிப் பாருங்கள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான்.

உங்கள் வட்டாரத்தில் நடவடிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. தெம்பனிஸ் ஹப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் திறந்தார்கள். நூலகம், பூப்பந்துத் திடல், நீச்சல் குளம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. கைப்பேசியில்தான் எல்லாம் பிரிந்து கிடக்கிறது. திடலை முன்பதிவு செய்ய ஆக்டிவ்எஸ்ஜி, சமூக மன்ற வகுப்பில் சேர ஒன்பிஏ, நூலக நிகழ்ச்சிக்கு நூலக வாரியத்தின் பக்கம், தொண்டூழியம் என்றால் கிவிங் எஸ்ஜி. என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வருபவருக்கு இவை எல்லாமே நன்றாக உதவும். "சனிக்கிழமை சும்மாதான் இருக்கிறேன், எங்கே போகலாம்?" என்பவருக்கு இவற்றில் பதில் கிடைப்பது சிரமம். இன்ஸ்டகிராமும் நம் ரசனையைப் பார்த்துத்தான் காட்டும், நாம் எந்த புளோக்கில் இருக்கிறோம் என்று பார்ப்பதில்லை. ஸ்டோரியில் போட்டதோ 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

தமிழ் நிகழ்ச்சிகளிலும் இதே கதைதான். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் எதற்குப் போவது, எதை விடுவது என்று குழம்பும் அளவுக்கு இருக்கும். வளர்தமிழ் இயக்கம் 2007 முதல் நடத்திவருகிறது. மே மாதம் பிறந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நிகழ்ச்சிகள் நடந்துகொண்டுதான் இருக்கும், எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? டெலிகிராமில் ஒரு சேனல் திறங்கள். வாரம் ஒரே ஒரு பதிவு, வியாழன் இரவு. ஐந்தாறு நடவடிக்கைகளுக்கு மேல் வேண்டாம். இடம், நேரம், கட்டணம் போடுவீர்கள், அது எல்லாரும் போடுவது. அதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: "தனியாக வரலாமா?" என்னைக் கேட்டால் முக்கியமான வரி அதுதான். பூப்பந்து ஆடப் பிடிக்காமல் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. கூட வர ஆள் இல்லை. போன இடத்தில் எல்லாரும் ஏற்கெனவே கூட்டாளிகளாக இருந்து, தான் மட்டும் சுவரோரம் நிற்க வேண்டி வருமோ என்ற தயக்கம் அவர்களுக்கு. அதனால் உங்கள் ஐவரில் ஒருவராவது போகும் நடவடிக்கைகளை மட்டும் பட்டியலில் சேருங்கள். யார் வருகிறார், எந்த வாசலில் நிற்பார் என்று எழுதுங்கள். எழுதினால் நிற்க வேண்டும்! ஒரு தடவை ஆள் இல்லை என்றால், அந்தப் பிள்ளை மறுபடி வரமாட்டார். ரத்தான வகுப்பைப் போன வாரப் பதிவிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டாலும் இதேதான் நடக்கும். ஒன்றைப் போடும்முன் அங்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழு தொடங்கினால் போதாதா என்பீர்கள். வேண்டாம். குழுவில் சேர்ந்தவர்களின் தொலைபேசி எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். உங்கள் குழுவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்கள், முன்பின் தெரியாத பெரியவர்களும் இருப்பார்கள். டெலிகிராம் சேனலில் சந்தாதாரர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. குறிப்பிட்ட ஒரு நடவடிக்கைக்கு வருபவர்கள் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் அதற்கு மட்டும் சிறு குழு தொடங்கி, முடிந்ததும் கலைத்துவிடுங்கள். பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். 2019 செப்டம்பர் முதல், சட்டப்படி தேவை இருந்தால் அல்லது ஆள் யார் என்று உறுதியாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால்தான் அமைப்புகள் அதைக் கேட்கலாம். பூப்பந்துக்கு எதற்கு?

அப்புறம், இளையர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். இங்கே 15 முதல் 35 வயது வரை இளையர் என்பது கணக்கு. 15 வயதுப் பிள்ளைக்குப் பள்ளி முடிந்தால் இணைப்பாட நடவடிக்கை, வார இறுதியில் துணைப்பாடம். தேசிய சேவையில் இருக்கும் தம்பிக்குப் பெரும்பாலும் புக் அவுட் ஆகி முகாமிலிருந்து வெளியே வந்த பிறகுதான் நேரம். 30 வயதுக்காரருக்கு வேலை முடிந்து வீடு சேரவே இருட்டிவிடும். மூவருக்கும் ஒரே பட்டியல் போட்டால் யாருக்கும் பொருந்தாது. நீங்கள் ஐவரும் எந்த வயதோ அந்த வயதுக்காரர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்களுக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று உங்களுக்கே தெரியும்.

மொழி பற்றிக் கேட்டீர்கள். இடப்பெயர், பேருந்து எண், பதிவு இணைப்பு ஆகியவை ஆங்கிலத்தில் இருக்கட்டும், வரைபடத்தில் தேட வசதி. அழைக்கும் இரண்டு வரி தமிழில் இருக்கட்டும், வீட்டில் பேசுகிற தமிழாக. இரண்டு மாதம் இப்படி நடத்திவிட்டு, எத்தனை பேர் நேரில் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். சேனலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கு எனக்கு வேண்டாம்.