மார்புக்குப் பின்னால் ஒரு டிஸ்க்

வணக்கம். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. டிஸ்க் விலகல் என்றதும் இடுப்புதான் நினைவுக்கு வரும், அடுத்தபடியாகக் கழுத்து. நான் பேச வந்தது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முதுகைப் பற்றி. அங்கே 12 எலும்புகள். ஒவ்வொன்றோடும் இருபுறமும் விலா எலும்பு வந்து சேர்கிறது. கூண்டு போட்டதுபோல் இறுகியிருப்பதால் அந்த இடம் அதிகம் வளையாது, டிஸ்க் பிதுங்குவதும் அபூர்வம். தொல்லை தரும் டிஸ்க்குகளில் நூற்றில் ஒன்று அங்கே இருந்தால் அதிகம்.

அபூர்வமாக வருவதால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை. வலியும் முதுகோடு நிற்காது. விலா இடுக்கு வழியே சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்துவிடும். நெஞ்சில் வலித்தால் இதயம், வலது விலாவில் வலித்தால் பித்தப்பை, இன்னும் கீழே என்றால் சிறுநீரகம் என்று தேடிக்கொண்டே போவார்கள். அக்கி வரப்போகிறதோ என்று காத்திருந்தவர்களும் உண்டு.

ஒரு அம்மா வந்தார். இரண்டு வருஷமாக விலாவைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவதுபோல வலி. ஈசிஜி, எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், இடுப்புக்கு எம்ஆர்ஐ என்று பை நிறைய ரிப்போர்ட். எதிலும் ஒன்றுமில்லை. "பேச்சு வாக்கில் சொல்கிறேன் டாக்டர், நடக்கும்போது செருப்பு கழன்றுபோவதே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் கிடக்கிறது" என்றார். அதைத்தான் அவர் முதலில் சொல்லியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, அவர் என்ன செய்வார்?

படுக்கவைத்து, ஒரு ஊசி முனையால் பாதத்திலிருந்து மெல்லத் தொட்டுக்கொண்டே மேலே வந்தேன். முழங்கால், தொடை, அடிவயிறு, எல்லாம் மந்தம். தொப்புளைத் தாண்டியதும் "ஆ, இப்போது சுருக்கென்கிறது" என்றார். உள்ளங்காலைக் கீறினால், கீழ்நோக்கி மடங்க வேண்டிய கட்டைவிரல் மேல்நோக்கிப் போனது. ஆக, இடுப்புக்கு மேலே தண்டுவடமே நசுங்குகிறது. மார்புப் பகுதிக்கு எம்ஆர்ஐ எடுத்தோம். 8-ஆம் எலும்புக்கும் 9-ஆம் எலும்புக்கும் நடுவே டிஸ்க் பிதுங்கியிருந்தது. சிடி ஸ்கேனில் பார்த்தால் அதில் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தது. இந்த இடத்து டிஸ்க் அப்படி இறுகிப்போவது சகஜம்.

சரி, இனி என் பழைய பல்லவி. எண்ணுங்கள்! எந்த எலும்பு என்று எண்ணுங்கள்! உங்கள் முதுகைத் தடவிப் பாருங்கள். 8 எது, 9 எது என்று சொல்ல முடிகிறதா? எங்களுக்கும் அதே நிலைமைதான். எம்ஆர்ஐயில் கழுத்திலிருந்து கீழே எண்ணுவோம். ஆபரேஷன் மேசையில் எக்ஸ்ரே வைத்துப் பெரும்பாலும் கீழிருந்து மேலே எண்ணுவோம். சிலருக்கு இடுப்பில் 5-க்குப் பதில் 6 எலும்பு, சிலருக்கு விலா 13 ஜோடி. ஒன்று தவறினால் நல்ல டிஸ்க்கை எடுத்துவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டுவிடுவோம். அதனால் முன்கூட்டியே அந்த எலும்பில் ஒரு சின்ன உலோக அடையாளம் வைத்து, சிடி எடுத்து உறுதி செய்துகொள்வோம். அப்புறமும் மேசையில் ஒருமுறை எண்ணுவோம். நான் இரண்டு பேரைத் தனித்தனியாக எண்ணச் சொல்வேன்.

அறுவைக்கு வருகிறேன். இடுப்பில் நரம்புகள் நூல்போலத் தனித்தனியாகத் தொங்குகின்றன, மெல்ல ஒதுக்கலாம். மார்பில் இருப்பதோ தண்டுவடம். அதற்கு நகர இடமில்லை, ரத்த ஓட்டமும் குறைவு. முன்பெல்லாம் பின்பக்கமாகத் திறந்து தண்டுவடத்தை ஒதுக்கி டிஸ்க்கை எடுத்தார்கள். பலர் கால் விழுந்த நிலையில் கண் விழித்தார்கள். 1960-களில்தான் பக்கவாட்டிலும் மார்பு வழியாகவும் போகும் முறைகள் வந்தன. விலாவின் தலையைக் கொஞ்சம் ராவி எடுத்து, டிஸ்க்கைத் தண்டுவடத்திலிருந்து விலகும் திசையில் இழுத்து எடுப்பது. அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தோம். மூன்றாம் மாதம் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார், கழலவில்லை.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் இந்த டிஸ்க் தெரியும்; அவர்களுக்குக் கத்தி வேண்டாம். வலி மட்டும் என்றால் பெரும்பாலும் மாத்திரை, பயிற்சி போதும். ஆனால் கால் விறைத்தாலோ, பாதத்தில் தரை படுவது சரியாகத் தெரியாவிட்டாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அறுவைக்குப் பிந்தைய பயிற்சிகளைச் சொல்ல நேரமில்லை. வணக்கம்.