அந்த ஜெட்பேக் நிஜமாகவே பறந்ததா?

சரி, அடுத்த கேள்வி. "ஸ்பை படங்களில் வரும் கருவிகள் எல்லாமே கற்பனைதானா, இல்லை அப்போதே இருந்தவையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. 1965-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'தண்டர்பால்' ஒன்றிலேயே இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது.

படம் தொடங்கியதும் பாண்ட் முதுகில் ஜெட்பேக்கை மாட்டிக்கொண்டு, பிரான்ஸில் ஒரு மாளிகையின் மேலிருந்து பறந்து தப்பிப்பார். கயிறு கட்டித் தூக்கியிருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அது நிஜமாகவே பறந்தது! அமெரிக்காவின் பெல் நிறுவனம் ராணுவத்துக்காகச் செய்த ராக்கெட் பெல்ட் அது. 1961-லேயே பறக்கவிட்டுப் பார்த்துவிட்டார்கள்.

அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தோளுக்குப் பின்னால் இரண்டு குழாய்கள் கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதிலிருந்து நெருப்பு வராது, நீராவிதான் வரும். காயம் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, ஹைட்ரஜன் பெராக்சைடு, அதுதான் எரிபொருள். ஆனால் நம் வீட்டு பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். இது 90 சதவீதம் செறிவு. வெள்ளி வலை மேல் பட்டதும் சட்டென்று பிரிந்து, 700 டிகிரிக்கு மேல் சூடான நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் சீறும். அந்த உந்துதலில் ஆள் மேலே போவார். மொத்தம் 21 விநாடிதான் தாங்கும். அதற்குள் இறங்கியாக வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் பறக்க மாட்டேன் என்று பைலட் சொல்லிவிட்டார். அதனால்தான் பாண்டாக நடித்த ஷான் கானரி தலையிலும் ஹெல்மெட் இருக்கிறது.

அப்புறம் அதே படத்தில் வாயில் கவ்விக்கொள்ளும் ஒரு சின்ன சுவாசக் கருவி வரும். இருபுறமும் விரல் நீளக் குப்பிகள். தண்ணீருக்கடியில் 4 நிமிஷம் தாங்கும் என்று கொடுப்பார்கள். நம்பும்படி இருக்கும், ஆனால் இதுதான் முழுக் கற்பனை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். குப்பிக்கு 20 மில்லி என்று வைத்து, 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தாலும் இரண்டிலும் சேர்த்து 8 லிட்டர் காற்றுதான். 10 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் அது 4 லிட்டராகச் சுருங்கிவிடும். நீந்துகிறவருக்கு இரண்டு மூன்று மூச்சோடு சரி. படக்குழுவில் இருந்த பீட்டர் லமான்ட்டுக்கு பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்தே போன் வந்ததாம், இது எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டு. நீங்கள் எவ்வளவு நேரம் மூச்சடக்குவீர்களோ அவ்வளவு நேரம் என்றாராம் அவர்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. அதைத்தான் நான் சயின்ஸ் ஃபிக்ஷன் என்பேன். முந்தைய வருஷம் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் பாண்டைக் கட்டிவைத்த தங்க மேஜையை லேசர் அறுத்துக்கொண்டே வருமே, அது. லேசர் பிறந்ததே 1960-ல்தான். உலோகத்தை அப்படி அறுக்கும் லேசர் அப்போது யாரிடமும் இல்லை. அதனால் மேஜைக்கு அடியில் ஒருவர் படுத்துக்கொண்டு கேஸ் டார்ச்சால் அறுத்தார். சிவப்புக் கதிரைப் பிறகு ஃபிலிமில் சேர்த்தார்கள். மூன்றே வருஷத்தில், 1967-ல், பிரிட்டனில் லேசரோடு ஆக்சிஜனையும் சேர்த்து ஊதி 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை நிஜமாகவே வெட்டிக் காட்டிவிட்டார்கள்.